இடது பக்கத்துப் பல்

"எல்லாரும் வடிவாப் பாருங்கோ."

பத்மாதேவி மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். பல் வைத்தியர் பளீலின் முன்னறையில் காத்திருந்த நாலைந்து பேரும் வேறு வழியில்லாமல் பார்த்தார்கள்.

முன் பற்கள் இரண்டின் மேலும் மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டியிருந்தது. வலது பக்கத்துப் பல் பால் போல வெள்ளை. இடது பக்கத்துப் பல் பழுத்த பலாச்சுளை நிறம்.

"ரெண்டும் ஒரே நாளில ஒட்டினது. ஒரு வருசம்கூட ஆகேல்லை. கண்டியிலேயே கெட்டிக்காரன் எண்டு சொல்லித்தான் இவரிட்ட வந்தனான். கெட்டிக்காரன்தான், ஏமாத்துறதில."

"தேத்தண்ணிக் கறையா இருக்குமுங்க," என்றார் மூலையில் இருந்த ஒரு பெரியவர்.

"ரெண்டு பல்லும் ஒரே வாய்க்குள்ளதானே இருக்கு, ஐயா? இது மட்டும் கள்ளமா எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடிக்குதோ?"

யாரோ சிரித்தார்கள். பத்மாதேவிக்கு அது தெம்பாக இருந்தது. குண்டசாலையில் தனக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இந்தப் பல்லை அவள் காட்டிவிட்டாள். அவர்களில் பலர் இப்போது வேறு டொக்டரிடம் போகிறார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கும் காட்டிவிட்டுப் போகத்தான் இன்று வந்திருந்தாள்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பளீல் வந்தார். குனிந்து பல்லைப் பார்த்தார்.

"பீங்கான்ல பிழையில்ல, மிஸிஸ் மகேந்திரராசா. அது நிறம் மாறாது. அடியில வச்சு ஒட்டின சீமெந்துதான் மஞ்சளாகி வெளியில தெரியுது. நான் மாத்தித் தாறேன். காசு தேவையில்ல."

"நிறம் மாறுற சீமெந்தை ஏன் வச்சனீங்கள்? வலது பக்கத்துக்கு நீல விளக்கைப் பிடிச்சு ஒரு நிமிசத்தில இறுக வச்சீங்கள். இடது பக்கத்துக்கு, தன்பாட்டில காயிற ஏதோ மலிவுச் சரக்கைக் குழைச்சுப் பூசிப்போட்டு, காயுமட்டும் கதைக்கக் கூடாது எண்டு வாய் நிறையப் பஞ்சை அடைச்சீங்களோ, இல்லையோ?"

"அடைச்சேன்தான்."

"அந்த நேரம் விளக்குப் பழுதோ? கரண்ட் இல்லையோ?"

"ரெண்டும் இருந்திச்சு."

"கேட்டியளோ கதையை?" என்று முன்னறையைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் பிறகு வாறேன் டொக்டர்," என்று படியிறங்கிப் போனாள். முன்மேசையில் இருந்த டொக்டரின் மனைவி பஸீஹா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்மாதேவி விடவில்லை.

"இன்னும் கேளுங்கோ. முகம் தெரிய, தலையில இருந்து கழுத்துமட்டும் ஒரு வெள்ளைத் துணியால மூடினார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. நடுவில நாலைஞ்சு பேர் உள்ளுக்கு வந்து, கூட்டில அடைச்ச குரங்கைப் பாக்கிற மாதிரி என்னைப் பாக்கினம். நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்த புதுசு, சிங்களம் விளங்காது. இவர் அவையோட சிரிச்சுக் கதைக்கிறார். பொழுதுபடத் தன்ர காரிலயே கொண்டுபோய் வீட்டில விட்டார். செய்த வேலையின்ர வடிவு தனக்குத் தெரியும்தானே, அதுதான் அந்த உபசாரம்."

பளீல் உள்ளறைக் கதவைத் திறந்து பிடித்தார்.

"எல்லாத்தையும் பொறுப்பன். என்ர பொட்டை ஈரப் பஞ்சால அழிச்சார். சிவப்பு பக்கத்தில இருந்தால் பல்லின்ர நிறம் பிடிபடாதாம். பிடிபட்ட நிறத்தைப் பாருங்கோ. கட்டின மனுசன் உயிரோட இருக்கேக்கை, ஒரு வார்த்தை கேக்காமல் பொட்டில கை வைக்க நான் என்ன உங்கட வீட்டு மனுசியோ?"

"மன்னிச்சுக்கொள்ளுங்க. உள்ளுக்கு வாங்க, இப்பவே மாத்துவம்."

பஸீஹா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பஸீஹா, வேணாம்," என்றார் பளீல். "அவங்க பயமில்லாம இந்த ஊர்லதானே இருக்கணும்."

"நாங்களும் இந்த ஊர்லதானே இருக்கணும்." பஸீஹா பத்மாதேவிக்கு முன்னால் வந்து நின்றாள். "அது என்ன நாள் என்டு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாமல்? டவுனில தமிழ்க் கடையள் எரிச்ச நாள். வீட்டை போன பிறகுதான் எனக்குத் தெரியும். ஊர் எரியேக்கையும் இவர் என்னைக் கதிரையில..."

அவள் உள்ளறைக் கதிரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்கட முதல் பல்லு முடிய, கீழ சத்தம் கேட்டிச்சு," என்றாள் பஸீஹா. "கீழ்க் கடையை உடைச்சிட்டுத்தான் மேல வந்தாங்க. கையில பொல்லு. தமிழ் ஆக்கள் யாராவது இருக்கா என்டு கேட்டாங்க. உங்களைக் காட்டி, இந்தப் பொம்பிளையப் பேசச் சொல்லு பாப்பம் என்டாங்க. சீமெந்து காயல்ல, அரை மணித்தியாலம் வாய் திறக்க ஏலா என்டு இவர் சொன்னார். ஒருத்தன் நம்பாம, குழைச்ச மிச்சத்தை விரலால தொட்டுப் பார்த்தான். ஈரமாத்தான் இருந்திச்சு. விளக்குப் பிடிச்சிருந்தா அது எப்பவோ கல்லாகியிருக்கும்."

உதட்டைத் தூக்கிக் காட்டிய பத்மாதேவியின் கை மெல்ல மேலே போய் நெற்றிப் பொட்டில் நின்றது.

"இப்ப கேட்டீங்களே, உங்கட வீட்டு மனுசியோ என்டு," என்றாள் பஸீஹா. "அன்டைக்குப் பொல்லோட வந்தவங்களும் அதைத்தான் கேட்டாங்க. ஓம், என்ட கூடப் பொறந்த ராத்தா என்டு சொன்னார்."