முவான்சாவில் இறங்கியதும்

"டிக்கெட்டைப் போட்டுருங்க தம்பி. பேரு ஹரிஷ்குமார். எழுதிக்கிட்டீகளா?"

"எழுத வேண்டாம்னு சொல்லுங்க, அண்ணாச்சி."

போனைக் காதில் வைத்தபடியே ராஜபாண்டியன் நிமிர்ந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் அருணாதேவி. அவருடைய மேனேஜர் முத்துக்கிருஷ்ணனின் மனைவி. போன வருஷம் வரை சிவகாசியில் வேறொரு அச்சகத்தின் பைண்டிங் பிரிவைக் கட்டி மேய்த்தவள்.

"லைன்லயே இருங்க தம்பி" என்று டிராவல்ஸ்காரனிடம் சொல்லிவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தார். "வாங்கம்மா. உங்க வீட்டுக்காரரு மனசு மாறிட்டாரா?"

"இல்ல. வீட்டுச் சாப்பாட்டை விட்டு இனி அசைய மாட்டாராம். நான் போறேன்."

ராஜபாண்டியனுக்குச் சிரிப்பு வரவில்லை. தான்சானியாவில், முவான்சா என்ற ஏரிக்கரை ஊரில், அவர் நோட்டுப் புத்தகக் கம்பெனி தொடங்கி இரண்டு வருஷம். ஜனவரியில் அங்கே பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் ஆர்டரை முடித்தாக வேண்டும். இந்த சீசனும் சொதப்பினால் இழுத்துப் பூட்டிவிட வேண்டியதுதான். முதலில் அனுப்பிய இரண்டு மேனேஜர்களும் கட்டுக்கட்டாகப் பேப்பரைப் பாழாக்கிவிட்டு ஓடி வந்தார்கள். மூன்றாவதாகப் போன முத்துக்கிருஷ்ணன் ஆறு மாதம் சிங்கம் மாதிரி நடத்தினான். லீவில் வந்தவன், இனிப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

"எம் மச்சான் மகன் ஹரிஷ்குமார் ரெடியா இருக்கான்மா. டிகிரி படிச்சவன்."

"அவரு பட்டத்தைப் பாத்து மெஷின் ஓடாது, அண்ணாச்சி."

"சரி, போயிட்டு வந்தவுக கிட்டல்லாம் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். அங்கன எறங்குனதும் மொதல்ல என்னத்தைப் பாத்தீகன்னு. ஒருத்தன் சோறு சரியில்லன்னான். இன்னொருத்தன் பாஷை புரியலன்னான். நீங்க அந்த ஊரைப் பாத்திருக்கீகளா?"

"பாத்திருக்கேன். மொதல்ல தெரியுறது பாறை. ஏரிக்குள்ள பாறை, மலை மேல பாறை, ஒண்ணு மேல ஒண்ணு. அந்த இடுக்குல எல்லாம் வீடு. அப்புறம் அந்தப் பறவை. குப்பைத் தொட்டி மேல நெஞ்சு ஒசரத்துக்கு நிக்கும். மொட்டத் தலை, கழுத்துல பை. கேஸ் கிடைக்காத வக்கீல் மாதிரி ரோட்டையே பாத்துக்கிட்டு."

ராஜபாண்டியன் தன்னை மறந்து சிரித்துவிட்டார். முதல் நாள் அதைக் கண்டு அவரே பயந்திருக்கிறார்.

"பாறை மேல பொடி மீனைக் காயப் போட்டிருப்பாகளே, அந்த வாடையைத் தாங்குவீகளா?"

"வாடை எனக்குத் தெரியல, அண்ணாச்சி."

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டார். "கம்பெனிக்குள்ள என்ன பாத்தீக?"

"ஏரிப் பக்கம் ஜன்னலைத் தொறந்து போட்டு, அதுக்கு அடியிலயே பேப்பர் கட்டைப் பிரிச்சு வச்சிருந்தாக. நம்ம ஊரு புத்தி. இங்கன காஞ்ச காத்து, எங்கன வேணாலும் பிரிச்சுப் போடலாம். அங்கன ஈரக் காத்து பட்டா பேப்பர் ஓரம் அப்பளமா வளைஞ்சுக்கிடும். மெஷின் ரெண்டு ரெண்டு தாளா இழுக்கும். மொத ரெண்டு பேரும் மெஷினைத் திட்டிக்கிட்டே இருந்திருக்காக. நான்தான் ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்."

ராஜபாண்டியன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது உங்க யோசனையா?"

"மெஷின்மேன் ஏனோக்கையும் நான்தான் புரிஞ்சுக்கிட்டேன். அவருகிட்ட எடுத்ததும் ஆர்டரைப் பத்திப் பேசினா, தலையை ஆட்டிட்டுப் பேசாம இருந்துருவாரு. நல்லாத் தூங்குனீகளா, மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா, அம்மா எப்படி இருக்காகன்னு எல்லாத்தையும் கேட்டு முடிக்கணும். அப்புறமா வேலையைச் சொன்னா, சாயங்காலத்துக்குள்ள லோடு ஏறிரும்."

முத்துக்கிருஷ்ணனின் சிங்க முகம் ராஜபாண்டியன் மனசுக்குள் லேசாக மங்கியது.

"இங்கன பிள்ளைகளை யாரு பாப்பா?"

"வீட்டை விட்டு அசைய மாட்டேன்னு ஒருத்தரு உக்காந்திருக்காருல்ல? அவரு பாக்கட்டும்."

"மச்சான் எங்கிட்ட ஒரு வருஷம் பேச மாட்டாரு."

"ஜனவரி லோடு போயிருச்சுன்னா அவரே வந்து பேசுவாரு."

அவள் உட்காரவும் இல்லை, கதவுப் பக்கம் திரும்பவும் இல்லை. ராஜபாண்டியன் போனை எடுத்தார்.

"தம்பி, பேரை மாத்திக்கோங்க. அருணாதேவி. ஆமா, லேடீஸ்தான். அடுத்த மாசம் அஞ்சாம் தேதி." கையால் போனைப் பொத்திக்கொண்டு திரும்பினார். "பாஸ்போர்ட் நம்பர் கேக்கான். சொல்லுங்கம்மா."

"இனிமேதான் எடுக்கணும், அண்ணாச்சி. நான் மதுரையைத் தாண்டுனதே இல்ல" என்றாள் அருணாதேவி, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "ஆறு மாசமும் எங்க வீட்டுக்காரரு சட்டைப் பையில செல்போன் வீடியோ கால்ல, கேமரா வெளிய பாத்தபடி இருக்கும். இங்கன ஆமத்தூர் வீட்டுல உக்காந்து நான் பாத்துச் சொல்லச் சொல்ல, அங்கன நின்னு அவரு அதை அப்படியே திருப்பிச் சொன்னாரு, அம்புட்டுதான்."