மிளகின் மோப்பம்

நாய்கள் நினைப்பதைக் கழுத்துப்பட்டைகள் பேசத் தொடங்கிய பிறகு, பிலோமினாவும் கணவர் லூர்துவும் அவற்றை நம்பித்தான் மலையேறினார்கள். காட்டெருமை நிற்கும் இடத்தை நாய்கள் முன்னால் ஓடி மோந்து சொல்லிவிடும். அன்று ஒன்றுகூட முன்னால் ஓடவில்லை. எல்லாம் லூர்துவின் காலோடு ஒட்டி, சத்தமில்லாமல் நடந்தன.

“என்ன பிலோ, இன்னிக்கு எல்லாத்துக்கும் எம்மேல பாசம் பொங்குது!” என்று சிரித்தபடி அவர் சோலைக்குள் ஏறினார்.

பிலோமினா மிளகு என்ற நாயை மட்டும் பிடித்து நிறுத்தினாள். “என்னடா ஆச்சு?”

“அவர்மேல புதுசா ஒரு வாசனை வருதும்மா,” என்றது மிளகின் பட்டை, குழந்தைக் குரலில். “என்னைப் பெத்தவ சாகறதுக்கு முன்னாடி அவமேல வந்த அதே வாசனை.”

அவள் மேலே பார்த்துக் கத்தினாள். “என்னங்க, திரும்பிடலாம்! இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்!”

“உச்சி இதோ தெரியுது, வா!” என்று மேலிருந்து லூர்துவின் குரல் வந்தது.

மிளகு அவள் விரலை நக்கியது. “இனி ஆஸ்பத்திரி போயும் பிரயோசனமில்லம்மா. அவரு ஆசைப்படற எடத்துக்கே கூட்டிட்டுப் போ.”

இறங்கிவந்த பனிமூட்டத்துக்குள் மற்ற நாய்கள் அவரைச் சூழ்ந்து ஏறிக்கொண்டிருந்தன. பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே நடந்தாள்.