அத்தி மரத்து அழைப்பு

ஆற்றின் அக்கரையில் ஓர் அத்தி மரம் நின்றது. உலகின் முதல் காகம் அம்மரத்தில்தான் பிறந்தது என்பது இக்கரைத் தோப்புக் காகங்களின் நம்பிக்கை. ஆகவே, விடியலில் அவை அம்மரத்தை நோக்கித் தலை தாழ்த்தும். அங்கு வாழ்ந்த அணில், "புனித மரம் அழைக்கிறது!" என்று கூவினால், காகங்கள் உடனே பறந்து சென்று, மரத்தில் ஏறும் பாம்பை விரட்டும்.

காலம் மாறியது. இளங்காகங்கள் தலை தாழ்த்துவதை விட்டுவிட்டன. வற்றிய ஏரியிலிருந்து வந்த மைனாக்கள் தோப்பில் பாதியை நிறைத்தன.

ஒரு நண்பகலில் அணில் மீண்டும் கூவிற்று. முதிய காகம் மட்டுமே சிறகை விரித்தது.

"வாருங்கள், புனித மரம் அழைக்கிறது!" என்று அது மற்றவற்றை அழைத்தது.

"தாத்தா, அது உங்கள் மரம். நாங்கள் பிறந்தது இந்த வேம்பில்," என்றது ஓர் இளங்காகம்.

"நாங்கள் ஏரிக்கரைப் புதரில் பிறந்தோம். அதற்கு யார் தலை தாழ்த்துகிறார்கள்?" என்று சிரித்தது ஒரு மைனா.

முதிய காகம் தனியே பறந்தது. ஒற்றைப் பறவை வருவதைக் கண்ட அணில், பழைய சொற்களை மறந்து அலறிற்று: "ஐயோ, பாம்பு பொந்துக்குள் தலையை நுழைக்கிறது! என் பிள்ளைகள் உள்ளே இருக்கின்றன!"

மைனாவின் சிரிப்பு நின்றது. "எங்கள் முட்டைகளைத் தின்றதும் பாம்புதான். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? எழுங்கள்!"

தோப்பே எழுந்து ஆற்றைக் கடந்தது. காகங்கள் வாலைக் கொத்தின. மைனாக்கள் கண்ணைக் குறிவைத்தன. பாம்பு ஆற்றில் விழுந்து, திரும்பிப் பாராமல் நீந்தி மறைந்தது. வெற்றி முழக்கம் இரு கரையிலும் அதிர்ந்தது.

"பார்த்தீர்களா, புனித மரத்தின் மகிமையை!" என்றது முதிய காகம்.

"பிள்ளைகளுக்காக வந்தோம், தாத்தா," என்றது மைனா.

மறுநாள் விடியலில் முதிய காகம் வழக்கம்போல் அத்தி மரத்தை நோக்கித் தலை தாழ்த்தியது. அக்கரைக் கிளையில் அணில், தன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தோப்பை நோக்கித் தலை தாழ்த்திக்கொண்டிருந்தது.