மூன்றாவது பட்டன்

மனைவியின் அண்ணனுக்குத் தலையில் அடிபட்டு நினைவு தடுமாறியது. மச்சானுக்காக இவனே ஒரு செயலி வடிவமைத்தான். படம் வரும், கீழே 'தெரியும்', 'தெரியாது' என்று இரண்டு பட்டன்கள்.

மனைவி போனை நீட்ட, இவன் கதவோரம் நின்று பார்த்தான். மச்சான் தன் மகளைத் தெரியும் என்றார். பக்கத்து வீட்டுப் பூனையைக்கூடத் தெரியும் என்றார். இவன் படம் வந்ததும் 'தெரியாது'.

செயலியில்தான் கோளாறு என்று படத்தைப் பெரிதாக்கினான். "உங்கள் தங்கையின் கணவர்" என்று குரலும் சேர்த்தான். அப்போதும் 'தெரியாது'.

"என் டிசைன் தேறாது. பேசாம வேற வேலை பாக்கறேன்" என்று மனைவியிடம் புலம்பினான்.

அவள் சிரித்தாள். "டிசைன்ல குறையே இல்லைங்க. வீட்டுக்குத் தெரியாம நாம கல்யாணம் பண்ணிக்கிட்டதுல இருந்து அண்ணன் உங்களை யாருன்னே தெரியாதுன்னுதானே சொல்றார். அவருக்கு எல்லாம் நல்லாவே ஞாபகம் வந்துடுச்சு."

அசடு வழிந்தபடி இன்னொரு பட்டன் சேர்த்தான்: 'தெரியும், ஆனால் பேச மாட்டேன்.'

மச்சான் அதைத்தான் அழுத்தினார். அழுத்திவிட்டு, கதவோரம் நின்றவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எழுத்து பொடிசா இருக்கு. பெருசா போடத் தெரியாதா?"