வாய் திறக்கக் கூடாத வேலை

வீட்டில் வாயாடி என்று பேரெடுத்தவள், கடல் கடந்து ஒரு காட்டுவிலங்குக் காப்பகத்தில் தொண்டு செய்யப் போனாள். தாயில்லாக் குரங்குக் குட்டிகளுக்கு முகத்தை மூடிக்கொண்டு, பேசாமல் பால் புகட்டும் வேலை. மனிதக் குரல் பழகிய குட்டி, காட்டில் விட்டதும் வேட்டைக்காரனிடமே போய் நிற்கும்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. தன் மொழி அங்கே எந்த வேட்டைக்காரனுக்கும் தெரியாது என்ற தைரியத்தில், ஒரு குட்டியிடம் மட்டும் தினமும் கிசுகிசுத்தாள்: "சாப்டியாடா கண்ணு?"

அது வளர்ந்து, காட்டில் விட்ட மறுநாள், வேட்டைக்காரர் குடிசை வாசலில் சுடப்பட்டுக் கிடந்தது. அவளே குழி தோண்டிப் புதைத்தாள். அதன்பின் அவளுக்குப் பேச்சே வரவில்லை. "வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசேன்டி," என்று அம்மா போனில் அழுதாள்.

அடுத்த வாரம், காட்டிலிருந்து புதுக் குட்டி ஒன்று வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு புட்டியை நீட்டினாள். அது குடிக்கவில்லை. அவள் முகமூடியையே பார்த்தது. பிறகு அவள் குரலிலேயே கேட்டது: "சாப்டியாடா கண்ணு?"