எங்கள் குப்பை

கல்லூரியில் உதவித்தொகை வேண்டுமென்றால் நூற்றிருபது மணி நேரம் தேசியத் தொண்டு செய்ததாகப் படத்தோடு காட்டவேண்டும். ஞாயிறுதோறும் கடற்கரையில் குப்பை பொறுக்குவோம். ஆனால் நாங்கள் போவதற்குள் நகராட்சி ஆட்கள் கூட்டி முடித்துவிடுவார்கள். வெறும் மணலில் எதைப் படம் எடுப்பது? அதனால் எங்களை அழைத்துப்போகும் ஆசிரியர் தயாளன் சார் கல்லூரியிலிருந்தே ஒரு மூட்டைக் குப்பை கொண்டுவருவார். பினாயிலில் அலசிக் காயவைத்த சிப்ஸ் கவர்கள், பாட்டில்கள், ஒரு குழந்தைச் செருப்பு. செருப்புதான் படத்தில் உருக்கமாக விழும் என்பார். கொட்டுவோம், கையுறையோடு குனிந்து சிரிப்போம், எண்ணி மூட்டையில் கட்டுவோம். துவைத்த குப்பை.

இந்த வாரம் நாங்கள் கொட்டியதும், கூட்டி முடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அஞ்சுகம் அக்கா பதறி ஓடிவந்தார். "இப்பத்தானே கூட்டினேன், மேஸ்திரி என்னையத்தான் திட்டுவாரு" என்று அள்ளி வண்டியில் போட ஆரம்பித்தார்.

"ஏம்மா, கை வைக்காத! அது எங்க குப்பை!" என்று சார் கத்தினார்.

எண்ணிப் பார்த்தால் செருப்பைக் காணோம். அது வண்டிக்குள், மீன்குடலுக்கு அடியில் போயிருந்தது. சார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீயே எடுத்துக் குடு" என்றார். அக்கா வெறுங்கையை முழங்கை வரை விட்டுத் துழாவி எடுத்து, புடவையில் துடைத்து நீட்டினார்.

அழுக்கே படாத என் கையுறைகளைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

"வேணாம் கண்ணு," என்றார். "உங்க சாரு அதையும் எண்ணுவாரு."