ராணுவப் போலீஸ் கட்டெறும்பு

மழைவெள்ளம் துரத்த, எறும்புப் படை மேட்டுக்கு ஓடிவிட்டது. கால் ஒடிந்த சித்தெறும்பு மட்டும் பின்தங்கி, நொண்டி நொண்டி வந்தது.

பாதை பிரிகிற இடத்தில், படைக்கு வழிகாட்ட நின்றிருந்த ராணுவப் போலீஸ் கட்டெறும்பைப் பார்த்ததும் சித்தெறும்பு சட்டென்று நின்றது. போன வாரம் வெல்லம் திருடியதற்காகத் தன்னைப் பிடித்து உள்ளே போட்ட அதே ஆள்!

"ஐயா, சத்தியமா நான் படையை விட்டு ஓடலை. கால்தான்..."

"தெரியுது."

கட்டெறும்பின் இடுப்புவரை தண்ணீர் ஏறியிருந்தது.

"எல்லாரும் போயிட்டாங்களே, நீங்க ஏன் இன்னும் இங்கேயே நிக்கிறீங்க?"

"நீ வரலையே."

சித்தெறும்பு நொண்டியபடியே பக்கத்தில் வந்தது.

"உன்னைப் பிடிக்கிறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. ஏறித் தொலை!" என்று திட்டிக்கொண்டே கட்டெறும்பு குனிந்து முதுகைக் கொடுத்தது.